ஜப்பான்காரி திறந்த ஜன்னல்

ஜன்னலைத் திறந்தது ஜப்பான்காரிதான். எங்கள் வீட்டு முன்னறையில் பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய், அம்மா காலையிலேயே தாழ் போட்டு வைத்திருந்த வடக்கு ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார்.

மழை விட்டிருந்த சாயங்காலம். வெளியே ரப்பர் மரங்களுக்கு மேலே வானம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெளிச்சம் நேராக உள்ளே வந்து என் இடது கன்னத்தில் விழுந்தது.

அதோடு விட்டாரா? என் பக்கத்தில் வந்தார். இரண்டு விரலால் என் மோவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். பின்னால் நகர்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்போ செரி," என்றார்.

காஞ்சிரங்குளத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, தரகர் எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்ற என் அம்மா மட்டும் ஜப்பான்காரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திராணி இல்லை.

அச்சுப் பிழை அல்ல

இந்தத் தொடரின் தலைப்பில் வாராவாரம் வருகிற என் போட்டோவைப் பார்த்துவிட்டு, அச்சு மை கொட்டியிருக்கிறது, கவனிக்கக் கூடாதா என்று ஒரு வாசகர் ஆசிரியரிடம் கோபித்துக்கொண்டாராம். ஐயா, அது மை இல்லை. என் கன்னம்தான்.

சின்ன வயதில் கருப்பட்டி காய்ச்சுகிற பாகு பட்டது. இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கன்னத்தில் பரந்து கழுத்து வரை இறங்குகிறது. சில இடத்தில் கருப்பு, சில இடத்தில் வெளிறிய சிவப்பு, வெயிலில் பார்த்தால் பளபளப்பு வேறு. சிறு பிள்ளைகள் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கும். பெரியவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். இரண்டில் பிள்ளைகள் தேவலை.

இதில் பெரிய வேடிக்கை என் தொழில். பாறசாலையில் சுகுமாரன் அண்ணனுடைய போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு டச்சப் வேலை. காலேஜில் பிரி டிகிரி முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன். கலர் போட்டோ வந்துவிட்டிருந்தாலும், பாஸ்போர்ட்டுக்கும் கல்யாணத் தரகர் கையில் கொடுப்பதற்கும் கருப்பு வெள்ளைதான் அப்போதும் ஓடியது. நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, கீழே கண்ணாடியால் வெளிச்சம் ஏற்றி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். பரு போகும், மறு போகும், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு போகும். நெய்யாற்றின்கரையிலிருந்து பொழியூர் வரைக்கும் அந்த வருஷங்களில் கல்யாணமான எத்தனையோ பெண்களின் முகத்தை நான் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் போட்டோவையும் நானே துடைத்தேன். நன்றாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

நேரில் பார்த்த பிறகு, எழுந்து போகும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஒரு வாரம் கழித்துத் தரகர் வருவார். "ஜெபம் பண்ணிப் பாத்தாவளாம். கர்த்தருக்குச் சித்தமில்லன்னு தெரிஞ்சுதாம்." ஒவ்வொரு தடவையும் இதே பதில். என் இடது கன்னத்தைப் பார்த்த பிறகுதான் கர்த்தருக்குத் தம்முடைய சித்தம் என்னவென்று தெரியவரும் போலிருந்தது. சபையில் உட்கார்ந்திருக்கும்போது இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷம் அழுகை வரும்.

எனக்கு முப்பது தாண்டிக்கொண்டிருந்தது. அப்பா இல்லை. வளைகுடாவில் இருந்த தம்பி, அக்கா கல்யாணம் ஆகாமல் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று நின்றான். அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. காஞ்சிரங்குளம் வரன் வந்தபோது, "இதுவும் போச்சுன்னா இனி நான் தரகர வீட்டுல ஏத்தமாட்டேன் மக்கா. எனக்கு வய்யா, தாங்காது," என்றாள். அவளுக்கு மட்டுமா, எனக்கும் அதுதான் கடைசி.

கேமரா விற்க வந்தவர் இல்லை

ஜப்பான்காரி என்கிற ஹருமி அக்கா வந்தது கர்க்கடக மாதம், அதாவது ஆடியில், நல்ல மழையில். நான் இருட்டறையில் இருந்தேன். சுகுமாரன் அண்ணன் கதவைத் தட்டினார்.

"ஜெயே, வெளிய வா. ஜப்பான்ல இருந்து ஒரு ஆளு வந்திருக்கு. கேமரா உண்டாக்குற நாடாக்கும். நமக்கு நல்ல காலம் வருதோ என்னவோ!"

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் விசாரித்தேன். கேமராவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படம் வரைகிறவர். மாட்ரிட்டில் பல வருஷம் படித்து, அங்கேயே ஜீவிக்கிறவர். நின்றபடி கையை நீட்டி நீட்டி வரைந்ததில் வலது தோள் இறுகி, கை மேலே தூக்க முடியாமல் போயிருந்தது. மாட்ரிட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த நம் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர், எங்கள் ஊர் வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு நீவுகிற உழிச்சல் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சிகிச்சை பாதி ஆகிவிட்டது. வைத்தியர், இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கையை அசைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

தெருவில் போனபோது எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்திருக்கிறார். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பழைய காலத்தில், லைட் வராத நாளில், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுப்பதற்காக அண்ணனுடைய அப்பா கட்டிய அறை அது. அப்போது அதில் உடைந்த நாற்காலியும், தாஜ்மஹால் வரைந்த பின்படுதாவும் கிடந்தன.

அந்த அறை வாடகைக்கு வேண்டுமாம்.

"கேமரா உண்டாக்குற நாட்டுல இருந்து வந்து கையால வரையுறாளே, என்னத்துக்காக்கும்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார். தாஜ்மஹாலை மட்டும் கீழே கொண்டுவந்து பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஹருமி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். இங்கிலீஷ் கொஞ்சம், அதில் ஸ்பானிஷ் கலந்திருக்கும். மலையாளத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வைத்தியரிடம் கேட்ட வார்த்தைகள். உழிச்சல் பலகையில் படுக்கப்போட்டு வைத்தியர் சொல்லுகிற "அனங்கண்டா", எலும்பு இடத்தில் வந்து நின்றதும் சொல்லுகிற "இப்போ செரி". அசையாதே என்பதற்கு ஒன்று, சரியாயிற்று என்பதற்கு ஒன்று. படம் வரைகிறவருக்கு வேறு என்ன பாஷை வேண்டும்?

எங்கள் தெருவில் அவரை மதாம்மை என்று கூப்பிடலாமா என்று ஒரு தர்க்கம் நடந்தது. வெள்ளைக்காரி இல்லையே என்றார்கள். கடைசியில் ஜப்பான்காரி என்று நிலைத்தது.

பார்த்தாயா, நினைத்தாயா?

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். முதல் இரண்டு வாரம் ஒரு கோழிமுட்டையையும் வெள்ளைத் துணியையும் கரியால் வரைந்துகொண்டிருந்தார். கை பழகுவதற்காம். அண்ணன் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "முட்டை அங்ஙனதான் இருக்கு," என்று எனக்கு வந்து சொல்வார்.

மாட்ரிட்டில் அவருடைய வாத்தியார் ஒரு கிழவராம். சேர்ந்த முதல் வருஷம் குளிர்காலம் முடிகிற வரை சாயத்தைத் தொடவிடவில்லை. சுண்ணாம்பில் வார்த்த சிலைத் தலைகளை வைத்துக் கரியால் மட்டும் வரையச் சொன்னார். ஒவ்வொரு கோடு போடும்போதும் பின்னால் நின்று கேட்பாராம்: "இதைப் பார்த்தாயா, நினைத்தாயா?" மூக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போட்ட கோட்டை அங்கேயே துடைத்துவிடுவார். டோக்கியோவில் ஓவியக் கல்லூரியில் எல்லோரும் மனதில் தோன்றுவதை வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு புத்தகத்தில் பழைய ஸ்பானிஷ் ஓவியம் ஒன்றைப் பார்த்தாராம். ஒரு மண்சட்டி, அவ்வளவுதான். அந்தச் சட்டிக்காகத்தான் வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனேன் என்றார். ஒரு சட்டிக்கா என்று கேட்டேன். ஆமாம், அதற்கு முன்னால் தான் ஒரு சட்டியைப் பார்த்ததே இல்லை என்று தெரிந்துவிட்டது என்றார்.

எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய் எங்கள் மீன்சட்டியை எடுத்துப் பார்த்தேன். கரி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சாயமும் வாத்தியார் சொன்ன கணக்குத்தான். கருப்பு, வெள்ளை, மஞ்சள் மண், சிவப்பு மண். ட்யூபில் கொண்டுவந்த சிவப்பு தீர்ந்தபோது, ஸ்டூடியோவுக்குப் பின்னால், சிவந்த வெட்டுக்கல் மேட்டிலிருந்து மண் எடுத்துச் சலித்து அரைத்தார். அதைக் குழைக்க ஆளிவிதை எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெய் காயாதாம். நெய்யாற்றின்கரையில் ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்குப் பூசுகிற எண்ணெயை நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாசனை ஸ்டூடியோ முழுக்க இறங்கி, போட்டோ எடுக்க வந்தவர்கள் யாராவது கட்டில் பாலிஷ் போடுகிறீர்களா என்று கேட்பார்கள்.

ஒருநாள் டச்சப் பலகையில் குனிந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். ஒரு பெண்ணின் மூக்குத் தழும்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல கை," என்றார். பிறகு, "நாளைக் காலையில் எனக்காக உட்காருவாயா?" என்றார்.

"என்னையா? என்னத்துக்கு?"

"உன் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் இன்னும் பார்க்கவில்லை."

பரிதாபப்பட்டுச் சொல்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. முட்டையைப் பார்த்த அதே பார்வை. எனக்கு என்னவோ அதில் ஒரு நிம்மதி வந்தது. சம்மதித்தேன்.

சாக்பீஸ் கோடு

காலையில் ஸ்டூடியோவில் ஆள் சேருவதற்கு முன்னால் உட்காருவேன். கான்வாஸை என் தலைக்குப் பக்கத்திலேயே, என் முகத்தின் உயரத்துக்கு நிறுத்தியிருந்தார். தரையில் தூரமாக ஒரு சாக்பீஸ் கோடு. அங்கே போய் நின்று என்னையும் படத்தையும் ஒன்றாகப் பார்ப்பார். நடந்து வருவார், ஒரு தீற்று வைப்பார், திரும்பவும் கோட்டுக்குப் போவார். பக்கத்தில் நின்று பார்த்து வரைந்தால் நினைப்பு கலந்துவிடுமாம். மேஸ்திரியிடம் வாங்கிய தூக்குக்குண்டை நூலில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் என் மூக்கை நேர் பார்ப்பார். நான் சுவராகிவிட்டேன் என்று நினைத்துச் சிரிப்பேன். "அனங்கண்டா," என்பார்.

அவர் எப்போதும் செய்கிற முதல் காரியம், என் மோவாயை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவது. "இப்போ செரி" என்று சொன்ன பிறகுதான் தூரிகையை எடுப்பார்.

வலது பக்கம் முடிந்தது. கண், மூக்கு, நெற்றி, காதோரத்து நரைமுடி எல்லாம் வந்துவிட்டன. இடது கன்னம் மட்டும் சாம்பல் பூச்சாகவே நின்றது. வைப்பார், துணியால் துடைப்பார், திரும்ப வைப்பார்.

ஒரு தடவை மீன் வாங்க வந்த அம்மா ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தாள். படம் பாதியில் நிற்கிறது என்று கேட்டதும், மேலே வராமலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்த இடத்த அங்ஙனே விட்டிரச் சொல்லு மக்கா. படத்துலயாவது நல்லா இருக்கட்டும். நீ எல்லாருக்கும் எடுத்துக் குடுக்குதியே, அவியளுக்கு எடுக்கத் தெரியாதா?"

நான் போய்ச் சொன்னேன். ஹருமி அக்கா யோசித்தார்.

"மற்ற இடமெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம்தான் புரியவில்லை. புரியாததை எப்படி விட்டுவிடுவது?"

அழகு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அம்மா போட்ட லைட்

காஞ்சிரங்குளத்துக்காரர்கள் ஓணம் கழிந்து வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா வீட்டைத் தயார் பண்ணினாள். வீட்டைவிட வெளிச்சத்தைத் தயார் பண்ணினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷ அனுபவத்தில் அவளும் ஒரு போட்டோகிராபர் ஆகியிருந்தாள். வடக்கு ஜன்னலை அடைத்துவிட வேண்டும். தெற்கு வாசல் திறந்திருக்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட வேண்டும். நான் இடது பக்கம் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

"வலப் பக்கம் அவியளுக்கு நேராட்டு இருக்கணும், கேட்டியா? ஏதாவது கேட்டா முழுசாட்டுத் திரும்பாத. கண்ணு மட்டும் போதும்."

"கழுத்து பிடிச்சவன்னு நெனப்பாவ அம்மா."

"நெனச்சா நெனக்கட்டும். உழிஞ்சா அது மாறும்."

ஜப்பான்காரியைக் கூப்பிட்டதும் அம்மாவின் யோசனைதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டில் வந்து இருந்தால் ஒரு கௌரவம் உண்டு என்று நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பார்ப்பார்கள், என்னைக் கொஞ்சம் குறைவாகப் பார்ப்பார்கள் என்றும் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். இன்றைக்குவரை நான் கேட்டதில்லை.

ஹருமி அக்காவிடம் நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் வருகிறார்கள், காப்பி குடிக்க வாருங்கள் என்றுதான் சொன்னேன். அவரும் வந்தார், மூலையில் உட்கார்ந்து ஏத்தங்காய் உப்பேரி வறுவலைக் கொறித்தார். நான் உள்ளேயிருந்து வந்து சுவரோரம் இருட்டில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வாரக்கணக்கில் பார்க்கிற முகம், தப்பான வெளிச்சத்தில் இருக்கிறது. அவர் வேறு என்ன செய்வார்? எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

நர்ஸ் சேச்சி

முதலில் வாய் திறந்தது மாப்பிள்ளையின் அக்கா. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"மோளே, இது எப்பம் பட்டது? தீயா, எண்ணெயா?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது ஒண்ணும் இல்ல, சின்னதாட்டு ஒரு..."

"நான் பிள்ளைட்டயாக்கும் கேக்கியேன்."

பெண் பார்க்க வந்தவர்களில் அதுவரை ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. சொன்னேன்.

"கருப்பட்டிப் பாகு சேச்சி. சின்னதுல. அம்மா அடுப்புல இருந்து சட்டிய இறக்கினாவ, நான் ஓடிப்போய் காலக் கெட்டிப்பிடிச்சேன்."

"காது நல்லா கேக்குமா?"

"கேக்கும்."

"கழுத்த திருப்பு பாப்பம்."

திருப்பிக் காட்டினேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், வலிக்காமல், தெரிந்த கையால்.

"போட்டோவில இது காணல்லியே?"

"நான் எடுத்துட்டேன் சேச்சி. எனக்க வேலை அதாக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "கொள்ளாம், நல்ல வேலைக்காரிதான்!" மாப்பிள்ளையும் தலையைக் குனிந்து சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

புறப்படும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டு, நர்ஸ் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, எங்க அம்மைக்க முகத்த நான் பாத்தேன். அம்மைக்கு மனசு வரல்ல. தம்பி அம்மைய மறுத்துப் பேசமாட்டான். உங்கள ஒரு வாரம் காக்க வச்சு, கர்த்தருக்க பேரச் சொல்லி ஆள் விட எனக்கு இஷ்டமில்ல. இது நடக்காது."

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த மனிதர் தலையைக் குனிந்து சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கேட்டதில், இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற ஏதோ ஒன்று இறங்கிப்போனதும் உண்மை.

சாம்பல் பூச்சு

அவர்கள் போனதும் அம்மா காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஹருமி அக்காவைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிப் போகும்போது, வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. இடுப்பு வரை குனிந்து, நிமிராமல் அப்படியே நின்றார். எதிரே வந்த சைக்கிள்காரன் என்னவோ என்று இறங்கிவிட்டான்.

"நான் உன் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன். இனி வரையமாட்டேன்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் அம்மாவும் அதையேதான் சொன்னாள். "இனி நீ அந்த மாடியில ஏறப்பிடாது. படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அந்த மனுஷி ஊருக்குப் போயிரட்டும்."

மறுநாள் வேலைக்குப் போனேன். அண்ணன் கீழே யாரையோ பாஸ்போர்ட்டுக்கு உட்காரவைத்துக்கொண்டிருந்தார். மேலே ஹருமி அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், அவருடைய விசா முடிகிற நேரமும் ஆகிவிட்டது. படம் சுவரைப் பார்த்து நின்றது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன்.

வலது பக்கம் ஒரு பெண் உயிரோடு இருந்தாள். இடது பக்கம் ஒன்றுமில்லை, சாம்பல் பூச்சு. பென்சிலால் நானே துடைத்த என் போட்டோவில்கூட நான் இவ்வளவு இல்லாமல் போனதில்லை. இப்படியே இவர் மாட்ரிட்டுக்குக் கொண்டுபோனால், பாதி முகத்தோடு நான் அங்கே போய் நிற்பேன். இந்த ஒரு நினைப்பு எனக்குத் தாங்கவில்லை. அம்மா சொன்னதை முதல் தடவையாக மீறினேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "முடியுங்கள் அக்கா."

"உன் அம்மா?"

"அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

அவர் பெட்டியைத் திறந்து தூரிகைகளை எடுத்தார். அடுத்து வந்த நாட்களில் காலை மட்டுமல்ல, மத்தியானமும் உட்கார்ந்தேன். எங்கள் வெட்டுக்கல் மேட்டுச் சிவப்பில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, துளியாகத் தொட்டு வைத்தார். துடைப்பது குறைந்தது. ஒருநாள் துடைக்கவே இல்லை.

அம்மா மாடி ஏறினாள்

சுகுமாரன் அண்ணனுக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ள வராது. யாரிடமோ சொல்லி, அது அம்மா காதுக்குப் போயிற்று. ஏணிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, நான் சொன்னது ஒனக்குக் காதுல விழல்லியா? எந்திரி! எந்திரிச்சு வா கீழ!"

மூச்சு வாங்கியது அவளுக்கு. நான் எழுந்திருக்கவில்லை. ஹருமி அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு முன்னால் குனிந்து வணங்கினார். பிறகு தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி, அங்கே போய் நிற்கும்படி கையால் சொன்னார்.

ஏன் நின்றாள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவள். கோட்டில் போய் நின்று, திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி ஏறிட்டுப் பார்த்தாள்.

என் முகமும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே உயரம், ஒரே வெளிச்சம். அம்மாவின் கண் படத்துக்குப் போயிற்று, என்னிடம் வந்தது, திரும்பவும் படத்துக்குப் போயிற்று. வாய் மூடிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா என் இடது கன்னத்தைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. தலை வாரும்போது வலது பக்கம் நிற்பாள். சபையில் வலது பக்கம் உட்காருவாள். பஸ்ஸிலும் அப்படித்தான், படுக்கையிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஏற்பாடு, அவளுக்காகவும்தான் இருந்திருக்கிறது.

வெகுநேரம் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்தாள். படத்தின் பக்கம் போவாள் என்று நினைத்தேன். என் இடது பக்கம் வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இது இப்பமும் வலிக்குதா மக்கா?"

"இல்ல அம்மா."

உள்ளங்கையை முழுதாக என் கன்னத்தில் வைத்தாள். காய்ப்புப் பிடித்த கை, சூடாக இருந்தது. ஹருமி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த தூரிகையையே துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு நீ அழவே இல்லியே மக்கா," என்றாள் அம்மா. "சத்தமே காட்டல்லியே. வலிக்கல்லன்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன்."

"அழுதேன் அம்மா," என்றேன். "நீங்க அழுத சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."